கணக்கேடு யார் கையில்?

கறுப்பு அங்கி! கழுத்திலே வெள்ளைப் பட்டை! மார்பிலே செருகிய ஒரு மலர்! முதல் நாள் அந்த மலர் வெள்ளை; இடைப்பட்ட நாட்களில் இளஞ்சிவப்பு; இறுதி நாளன்றோ செக்கச் சிவந்த மலர்! அரண்மனைக் காட்சிக்காக ஒப்பனை முடித்து அணிவகுத்து நிற்கும் நடிகர் கூட்டமோ என்று ஐயுறுவீர்கள். இல்லை, தோழர்களே! தேர்வு எழுதப் புறப்பட்டுப் போகும் மாணவர்கள் அவர்கள். ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகத்து மாணவர்கள். நாடகம் எழுதும் எனக்கே சற்றுப் பொறாமை. இத்தனைப் பொருத்தமான ஒப்பனையை எந்தக் காட்சிக்கும் நான் அமைத்ததில்லை.

அந்த அங்கிக் கூட்டத்திலே ஒரு சிறு பிரிவினர் பயிலும் பாடம் பற்றித்தான் இந்த ஞாயிறு உங்களோடு பேச விரும்புகிறேன். பொருளாதாரமும் நிர்வாகமும்! இரண்டையும் ஒன்றாய்ப் பிணைத்து, மூன்றாண்டுக் காலத்தில் பட்டம் தரும் படிப்பு.

"ஆக்ஸ்போர்டிலே எவனோ எதையோ படித்தால், அம்பாசமுத்திரத்தில் பீடி சுற்றுகிறவளுக்கு என்ன வந்தது?" என்று கேட்பீர்கள். கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். அந்தக் கேள்வியோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கிறார்கள், நான் ஊர் ஊராய்ப் பேசச் செல்லும்போது. "நம் பிள்ளை நிர்வாகப் படிப்பிலே சேர்ந்திருக்கிறான். அது முதலாளிக்குக் கங்காணி தயாரிக்கும் படிப்பல்லவா? அதை நாம் படிக்கலாமா?" என்று கேட்கிறார்கள். குரலிலே பெருமையும் இருக்கிறது, குற்ற உணர்வும் இருக்கிறது. இரு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில்தான் கிடக்கிறது. அதைத் தேடித்தான் ஆக்ஸ்போர்டுக்கு அழைக்கிறேன்.

அங்கே பல்கலைக் கழகம் என்பது ஒரே கட்டடமல்ல. நாற்பது அளவிலே கல்லூரிகள். ஒவ்வொன்றுக்கும் தனி மதில், தனி முற்றம், தனி உணவுக் கூடம், தனிச் சொத்து. மாணவன் முதலில் ஒரு கல்லூரிக்கு உரியவன். பிறகுதான் பல்கலைக் கழகத்துக்கு. உண்பதும் உறங்குவதும் கல்லூரியில். பேருரை கேட்பது பல்கலைக் கழகத் துறையில். நிர்வாகப் பாடத்துக்கென்று ரயில் நிலையத்துக்கு எதிரிலே 2001-இல் ஒரு பெரிய பள்ளியே எழுந்தது. 1996-இல் வஃபிக் சயீது என்ற செல்வர் 2 கோடிப் பவுன் அள்ளிக் கொடுக்க, அவர் பெயரையே தாங்கி நிற்கிறது அது. பணக்காரன் பணம் படைக்கும் கலைக்குக் கோயில் கட்டினான், அதிலே வியப்பென்ன!

எல்லாக் கல்லூரிகளிலும் இந்தப் பாடம் இல்லை. இருக்கும் கல்லூரிகளிலும் ஆண்டுக்குச் சிலரே சேர்கின்றனர். முதல் ஆண்டில் மூன்று தாள்கள்: பொருளாதார அறிமுகம், பொது நிர்வாகம், நிதி நிர்வாகம். ஆண்டுக்கு மூன்று பருவம். பருவத்துக்கு எட்டே வாரம். இருபத்து நான்கு வாரம்தான் ஓராண்டுப் படிப்பு! "அவ்வளவுதானா?" என்று கைகொட்டிச் சிரிக்காதீர்கள். அந்த எட்டு வாரத்திலே மாணவனின் எலும்பு நொறுங்கிவிடும். காரணம், கல்லூரி ஆசிரியரின் அறையிலே நடக்கும் தனிப் பயிற்சி வகுப்பு. இரண்டு மாணவர் அல்லது மூன்று மாணவர், எதிரே ஒரு பேராசான். வாரந்தோறும் ஒரு கட்டுரை எழுதி வரவேண்டும், அல்லது ஒரு கணக்குத் தொகுதியைத் தீர்த்து வரவேண்டும். எழுதியதைத் தற்காத்து வாதாட வேண்டும். ஒளிந்து கொள்ளக் கடைசி வரிசை கிடையாது!

நம் கல்லூரிகளை எண்ணிப் பாருங்கள். அறுபது பேர் அமர்ந்த கூடம். குறிப்புச் சொல்லும் ஆசிரியர். எழுதி எழுதிக் கை சலித்த மாணவர். ஆசிரியரைக் குறை சொல்லவில்லை. அறுபது பேரோடு வாதாட யாரால் முடியும்? ஆனால் வாதாடப் பழகாமலே பட்டம் பெறுகிறான் நம் பிள்ளை. வாதாடி வாதாடியே பட்டம் பெறுகிறான் அந்தப் பிள்ளை. பிறகு இருவரும் ஒரே மேசையில் அமரும் நாள் வந்தால், யார் பேசுவான், யார் தலையாட்டுவான்?

அப்படிப் பேசப் பழகியவர்கள் எங்கே போய்ச் சேர்கிறார்கள் தெரியுமா? இந்தப் படிப்புக்கு மூத்த உடன்பிறப்பு ஒன்று அங்கே உண்டு. தத்துவம், அரசியல், பொருளாதாரம் மூன்றையும் சேர்த்து 1920-களின் தொடக்கத்திலிருந்து நடந்துவரும் படிப்பு. ஹெரால்டு வில்சன், எட்வர்டு ஹீத், டேவிட் கேமரன், லிஸ் டிரஸ், ரிஷி சுனக் ஆகிய ஐந்து பேரும் அதைப் படித்தவர்கள். ஐந்து பேரும் இங்கிலாந்தின் தலைமை அமைச்சர் ஆனவர்கள்! கூலி எவ்வளவு, வரி எவ்வளவு, எந்தச் சுரங்கம் திறந்திருக்கும், எது மூடப்படும் என்று முடிவு செய்யும் நாற்காலி அது. அந்த நாற்காலிக்கு ஒத்திகை, இருபது வயதிலே, அந்தச் சிறிய அறையிலே நடக்கிறது.

படித்தவர் ஆண்டால் பாலும் தேனும் ஓடுமோ? ஓடவில்லையே! 2022 செப்டம்பர் 23. லிஸ் டிரஸ் அம்மையாரின் அரசு, ஈடுகட்ட வழி சொல்லாமல் 4,500 கோடிப் பவுன் அளவுக்கு வரிக்குறைப்பு அறிவித்தது. அதிலே உச்ச வருவாய்க்காரர்களின் வரியைக் குறைக்கும் திட்டமும் அடக்கம். கடன் சந்தை கலகலத்தது. ஐந்தாம் நாள் இங்கிலாந்து வங்கி ஓடிவந்து தாங்கிப் பிடித்தது. ஐம்பது நாள் நிறைவதற்குள் அம்மையார் நாற்காலியை விட்டு இறங்கினார். பொருளாதாரம் படித்தவர்தான்!

அதற்கு முன்பே, 2008 நவம்பரில், இலண்டன் பொருளியல் பள்ளியின் புதுக் கட்டடத்தைத் திறக்க வந்த எலிசபெத்து அரசியார், வங்கிகள் சரிந்து கிடந்த வேளையிலே, இது வருமென்று ஒருவர்கூடக் கவனிக்கவில்லையா என்று கேட்டார். அறிஞர் பெருமக்கள் கூடிக் கலந்து, 2009-இல் மடல் எழுதி விடை பகர்ந்தனர். கூட்டாகக் கற்பனை செய்யத் தவறிவிட்டார்களாம்! கற்பனைப் பஞ்சமாம்! எங்களைப் போன்ற நாடகக்காரர்களைக் கேட்டிருந்தால் இரண்டு படி கடன் கொடுத்திருப்போமே. ஆனால் பஞ்சம் கற்பனைக்கு அல்ல. அந்த அறையிலே ஒரே மாதிரி வீடுகளிலிருந்து வந்தவர்கள் ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்டுக் கொண்டிருந்தார்கள்.

இதை ஒரு காட்சியாகவே காட்டிவிடுகிறேன். என் கற்பனைதான், ஆனால் அதிலே வரும் கணக்கு கற்பனையல்ல.

கல்லூரி அறை. கணப்பு எரிகிறது. பேராசிரியர் சாய்ந்து அமர்ந்திருக்கிறார். எதிரே இருவர். ஒருவன் சீமான் வீட்டுச் செல்வன். இன்னொருத்தி, அலுவலகங்களைத் துடைத்துப் பெருக்கும் தொழிலாளியின் மகள். இந்த வாரத் தலைப்பு, குறைந்தபட்சக் கூலி.

செல்வன்: "விலை ஏறினால் வாங்குபவன் குறைவாக வாங்குவான். உழைப்பின் விலை கூலி. ஆகவே சட்டம் போட்டுக் கூலியை உயர்த்தினால், முதலாளி ஆளைக் குறைப்பார். ஏழைக்கு உதவப் போய் ஏழையின் வேலையைப் பறிக்கிறோம்."

பேராசிரியர்: "அழகான தர்க்கம். மறுப்பு உண்டா?"

மகள்: "உண்டு ஐயா. எங்கள் தெருவிலே கூலி உயர்ந்தது. வேலை போகவில்லை."

பேராசிரியர்: "உன் தெரு ஒரு தெரு. சான்று வேண்டும்."

மகள்: "கொண்டு வந்திருக்கிறேன். அமெரிக்காவிலே நியூ ஜெர்சி மாநிலம் 1992 ஏப்ரலில் மணிக்கு 4.25 டாலராக இருந்த கூலியை 5.05 ஆக்கியது. பக்கத்துப் பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்டு, ஆலன் குரூகர் இருவரும் எல்லைக்கு இருபுறமும் 410 துரித உணவுக் கடைகளில் கணக்கெடுத்தனர். கூலி உயர்ந்த பக்கத்தில் ஆட்குறைப்பு நிகழ்ந்ததற்குச் சான்று இல்லை."

திரை.

அந்த ஆய்வு 1994-இல் வெளிவந்தது. பாட நூலை நம்பி வாழ்ந்தவர்கள் பலர் சீறிப் பாய்ந்தனர். அந்தச் சண்டை இன்றும் முழுதாக ஓய்ந்துவிடவில்லை. ஆனால் 2021-இல் டேவிட் கார்டுக்கு நோபல் நினைவுப் பரிசு கொடுத்தார்கள். கனடா நாட்டிலே பால்பண்ணை நடத்திய குடும்பத்தில் பிறந்தவர் அவர். இங்கிலாந்தும் 1998-இல் சட்டம் இயற்றி, 1999 ஏப்ரல் முதல் நாளிலிருந்து மணிக்கு 3.60 பவுன் என்று குறைந்தபட்சக் கூலியை நிறுத்தியது. வேலை பறிபோகும் என்று அலறியவர்கள் பிறகு மெல்ல வாயை மூடிக்கொண்டனர்.

தோழர்களே, காட்சியிலே அந்தப் பெண் இல்லை என்று வைத்துக் கொள்ளுங்கள். என்ன நடந்திருக்கும்? செல்வனின் தர்க்கம் அழகாக இருந்தது, அழகாகவே முடிந்திருக்கும். அடுத்த வாரம் அடுத்த தலைப்பு. பத்தாண்டுக்குப் பின் அமைச்சரவையில் அதே தர்க்கம். ஏமாற்று வேலை எதுவும் இல்லை. எவரும் பொய் சொல்லவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்க ஆளில்லை, அவ்வளவே!

அந்த நாற்காலியில் அவள் அமர்வதோ எளிதன்று. ஓர் இடத்துக்குப் பதினைந்து பேருக்கு மேல் போட்டி. நுழைவுத் தேர்வு உண்டு; நேர்காணலும் உண்டு. இங்கிலாந்திலே தனியார் பள்ளியில் பயிலும் பிள்ளைகள் நூற்றுக்கு ஏழு பேர் அளவுதான். ஆக்ஸ்போர்டில் சேரும் அந்நாட்டுப் பிள்ளைகளிலோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்தப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். கட்டணத்தைப் பாருங்கள். 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கல்விக் கட்டணத்தை உள்ளாட்சி மன்றமே கட்டியது. எளியோர் பிள்ளைக்கு உண்ணவும் உறையவும் உதவித் தொகையும் கிடைத்தது. 1998-இல் வந்தது ஆயிரம் பவுன் கட்டணம். 2006-இல் மூவாயிரம். 2012-இல் ஒன்பதாயிரம். 2025-இல் 9,535. கடனாய் வாங்கிப் படி, சம்பாதித்துக் கட்டு என்கிறார்கள். நம் நாட்டுப் பிள்ளை போனாலோ இதற்கும் பன்மடங்கு. அந்தக் கட்டணத்தைக் கொண்டுவந்த டோனி பிளேயரும், ஒன்பதாயிரமாக உயர்த்திய டேவிட் கேமரனும், அதே ஆக்ஸ்போர்டில் கட்டணம் கட்டாமல் படித்தவர்கள். ஏணியில் ஏறி மாடிக்குப் போனவர்கள் ஏணிக்கு வாடகை வைத்தார்கள்!

"பார்த்தாயா, நாம் சொன்னதுதான் சரி. அது சீமான்களின் கூடாரம். அதை விட்டு விலகி, நமக்கென்று தனிப் பள்ளி வைத்துக் கொள்வோம்" என்று எழுந்து நிற்கும் தோழரைக் காண்கிறேன். உட்காருங்கள் தோழரே! நீங்கள் சொல்வதை 1909-இல் செய்தே பார்த்துவிட்டார்கள். அதே ஆக்ஸ்போர்டு நகரிலே!

ரஸ்கின் கல்லூரி என்று ஒன்று. 1899-இல் தொழிலாளர்களுக்கென்று தொடங்கப்பட்டது. பல்கலைக் கழகத்தைச் சேர்ந்ததல்ல. அதன் நிழலிலே நின்றது. சுரங்கத் தொழிலாளர், ரயில்வே தொழிலாளர் ஆகியோரைத் தொழிற்சங்கங்கள் செலவு கொடுத்து அனுப்பின. கரித்தூள் படிந்த கைகள் அங்கே புத்தகம் பிரித்தன. ஆனால் எந்தப் பொருளாதாரத்தைக் கற்பது? பேராசிரியர்கள் தந்த பொருளாதாரத்திலே முதலாளியும் தொழிலாளியும் சந்தையில் கைகுலுக்கும் இரு கனவான்கள். சுரங்கத்தில் இருந்து வந்தவனுக்கு அது கதையாய்ப் பட்டது. "மார்க்சின் பொருளாதாரத்தையும் கற்றுக் கொடு" என்றான். பல்கலைக் கழகமோ, தொழிலாளர் தலைவர்களைத் தன் மடியிலே வைத்துப் பதப்படுத்தப் பார்த்தது. மாணவர் பக்கம் நின்ற முதல்வர் டெனிஸ் ஹேர்டைப் பதவி விலகச் சொன்னார்கள். 1909 மார்ச்சு மாத இறுதியில் மாணவர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள்! வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். கூலிக்காக நடந்த வேலை நிறுத்தம் ஆயிரம் உண்டு. பாடத்திட்டத்துக்காகத் தொழிலாளர் நடத்திய வேலை நிறுத்தம் உலகில் எத்தனை உண்டு?

பிரிந்து போனவர்கள் மத்தியத் தொழிலாளர் கல்லூரி என்று தனியே தொடங்கினர். 1911-இல் அது இலண்டனுக்கு இடம் மாறியது. தென் வேல்சுச் சுரங்கத் தொழிலாளர் சங்கமும் ரயில்வே தொழிலாளர் சங்கமும் தாங்கி நின்றன. 1919 முதல் 1921 வரை அங்கே இரண்டு சுரங்கத் தொழிலாளர்கள் பயின்றனர். ஒருவர் அனைரின் பெவன். சிறு வயதிலேயே சுரங்கத்தில் இறங்கியவர். மற்றொருவர் ஜேம்ஸ் கிரிபித்ஸ். இந்த இரு பெயரையும் மனத்தில் நிறுத்துங்கள்.

இனி அதே ஆக்ஸ்போர்டின் மறு பக்கம். யுனிவர்சிட்டி கல்லூரி. 1249-இல் எழுதிவைத்த கொடையிலே வேர் கொண்ட கல்லூரி. 1937 முதல் 1945 வரை அதன் தலைவர் வில்லியம் பெவரிட்ஜ், பொருளாதார அறிஞர். இளமையிலே இலண்டன் கிழக்குப் பகுதியின் ஏழ்மையை நேரில் சென்று கண்டவர். அவருக்கு உதவியாக அங்கே ஆய்வு செய்த இளைஞர் ஹெரால்டு வில்சன். அதே கல்லூரியில் முன்பு வரலாறு பயின்றவர் கிளமென்ட் அட்லி. 1942 டிசம்பரில் வெளிவந்தது பெவரிட்ஜின் அறிக்கை. வறுமை, நோய், அறியாமை, அழுக்குக் குடியிருப்பு, வேலையின்மை என்ற ஐந்து அரக்கரை வீழ்த்த வழி சொன்ன அறிக்கை. அரசாங்க அறிக்கை என்றால் மளிகைக் கடைக்குப் போகும் காகிதம் என்றுதானே நினைப்போம்? போர்க்காலத்திலே வரிசையில் நின்று வாங்கினார்கள் மக்கள். சுருக்கப் பதிப்பும் சேர்த்து 6 இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது.

1945-இல் அட்லி தலைமை அமைச்சரானார். பெவரிட்ஜின் தாளைச் சட்டமாக்க யாரை அழைத்தார்? தேசியக் காப்புறுதித் துறைக்கு ஜேம்ஸ் கிரிபித்ஸ். மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு அனைரின் பெவன். அந்த இரு சுரங்கத் தொழிலாளர்! 1946-இல் தேசியக் காப்புறுதிச் சட்டம். 1948 ஜூலை 5-ஆம் நாள் தேசிய நல்வாழ்வுப் பணி. மருத்துவமனை வாயிலிலே எவரிடமும் காசு கேட்காத ஏற்பாடு. கணக்குப் போட்டவன் யுனிவர்சிட்டி கல்லூரியின் தலைவன். வேலை நிறுத்தப் பள்ளியின் மாணவர்கள் அதைச் செயலாக்கினார்கள். கணக்குத் தெரியாத கோபம் மட்டும் இருந்திருந்தால் அந்தத் திட்டம் கூட்டத் தீர்மானத்தோடு நின்றிருக்கும். கோபம் இல்லாத கணக்கு மட்டும் இருந்திருந்தால் அறிக்கை அலமாரியில் உறங்கியிருக்கும். மருத்துவர் சங்கத்தோடு மாதக் கணக்கில் மல்லுக்கட்டிய பெவனின் நெஞ்சுரம் ஆக்ஸ்போர்டு மதிலுக்குள் விளைந்ததல்ல.

ஆனால் அந்தத் தனிப் பள்ளி என்னாயிற்று? 1929-இல் மூடப்பட்டது. சுரங்கத் தொழில் நலிந்தது, சங்கங்களின் கையிருப்பு வற்றியது, பள்ளிக்குப் பூட்டு விழுந்தது. இருபதே ஆண்டு ஆயுள்! அந்தப் பக்கம், 1249-இன் கொடை இன்னும் வட்டி ஈன்று கொண்டிருக்கிறது. வேலை நிறுத்தம் செய்தவர்களின் கேள்வி சரியானது என்பேன். நூறு முறை சொல்வேன். ஆனால் செல்வம் குவிந்த கல்லூரியைச் செல்வருக்கே விட்டுவிட்டு வரவேண்டும் என்ற முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. மதிலுக்கு வெளியே நம் பள்ளியும் வேண்டும்; மதிலுக்கு உள்ளே நம் பிள்ளையும் வேண்டும்.

பொருளாதாரத்தைச் சரி என்று ஒப்புக்கொள்ளும் தோழர்கூட நிர்வாகம் என்றதும் முகம் சுளிக்கிறார். நியாயமான சுளிப்பு. அந்தக் கலையின் பிறப்பே அப்படி. பிரெடரிக் டெய்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1911-இல் "விஞ்ஞான நிர்வாகம்" பற்றிப் புத்தகம் எழுதினார். பெத்லகேம் எஃகு ஆலையிலே 'ஷ்மிட்' என்று பெயர் சூட்டிய ஒரு தொழிலாளியின் கதை அதிலே வருகிறது. நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் இரும்புப் பாளங்களைச் சுமந்து வண்டியில் ஏற்றியவனை, "நட" என்றபோது நடக்கவும், "உட்கார்" என்றபோது உட்காரவும் பழக்கி, நாற்பத்தேழரை டன் சுமக்க வைத்தார்களாம். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 ஆயிற்றாம். டெய்லர் பெருமையோடு எழுதிய கணக்கு இது. அதை அப்படியே நம்ப முடியாது என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். நம்பித்தான் பார்ப்போமே!

பென்சிலை எடுங்கள். சுமை ஏறக்குறைய நான்கு மடங்கு. கூலி ஒன்றரை மடங்குக்குச் சற்றே மேல். முன்பு ஒரு டன் ஏற்ற முதலாளிக்கு ஆன கூலிச் செலவு ஒன்பது சென்டுக்கு மேல். பின்பு நான்கு சென்டுக்கும் குறைவு. மிச்சம் எங்கே போயிற்று? அந்தக் கேள்வியை ஷ்மிட் கேட்கவில்லை. அவன் காலையில் ஆலைக்கு வருமுன்னும், மாலையில் ஆலையை விட்டுப் போன பின்னும், சொந்தமாய் ஒரு சிறு வீட்டுக்குச் சுவர் எழுப்பிக் கொண்டிருந்தான் என்பதையும் டெய்லரே எழுதியிருக்கிறார். அவனுக்கு இவ்வளவு தெம்பு மிச்சமிருக்கிறது என்று காட்டுவதற்காக! தன் வீட்டுக்காக அவன் ஒதுக்கி வைத்த தெம்பையும் கணக்கில் எடுத்துவிட்டது அந்த விஞ்ஞானம்.

இந்தக் கணக்கை நம் தொழிலாளி போடத் தெரிந்தவனாக இருந்தால்? இன்று கிடங்கிலே பொட்டலம் எடுப்பவனின் ஒவ்வொரு நொடியையும் எந்திரம் அளக்கிறது. உணவு சுமந்து இரு சக்கர வண்டியில் பறப்பவனின் பாதையைக் கைபேசி அளக்கிறது. டெய்லர் கையிலே நிறுத்தக் கடிகாரம் வைத்திருந்தார். இப்போது கடிகாரம் தொழிலாளியின் சட்டைப் பையிலேயே இருக்கிறது. பேச்சுவார்த்தை மேசையிலே நிர்வாகி நான்கு தாளை விரித்து, "இலாபம் குறைந்துவிட்டது, போனசு இயலாது" என்கிறான். தேய்மானம் என்ற பெயரில் எவ்வளவு கழித்தான், ஒரே குடும்பத்தின் இன்னொரு கம்பெனிக்கு எவ்வளவு மாற்றினான் என்று அந்தத் தாளிலேயே எழுதியிருக்கும். படிக்கத் தெரிந்தவன் நம் பக்கம் உட்கார்ந்திருந்தால் தெரியும். கங்காணி கற்கும் அதே பாடம்தான். நம் பிள்ளை கற்றால் கங்காணியின் கணக்கைச் சரிபார்ப்பான். நமக்கும் சங்கமுண்டு, கூட்டுறவுப் பண்டகசாலை உண்டு, நகராட்சி உண்டு. அவற்றை நடத்துவதும் நிர்வாகம்தானே? முழக்கம் போட்டால் பண்டகசாலையில் அரிசி நிறையாது. கல்லூரியைப் பாதியில் விட்டு மேடைக்கு வந்தவன் நான். முழக்கத்தின் வலிமையும் எனக்குத் தெரியும், அதன் எல்லையும் தெரியும்.

ஆக்ஸ்போர்டிலிருந்து நம் மண்ணுக்குத் திரும்ப ஒரு பாலம் இருக்கிறது. 1909 வேலை நிறுத்தத்துக்குப் பிறகு ரஸ்கின் கல்லூரிக்கு முதல்வராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். 1915-இல் அவரே சென்னைப் பல்கலைக் கழகத்துக்கு முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். தொழிலாளர் கல்லூரியில் பாடம் படித்துவிட்டு வந்த பேராசிரியர்! அவர் என்ன செய்தார்? இங்கிலாந்துச் சந்தையை இங்கே ஒப்புவிக்கச் சொல்லவில்லை. "உன் ஊருக்குப் போ. நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, என்ன உண்கிறார்கள், கேட்டு எழுதி வா" என்று மாணவர்களை அனுப்பினார். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடார்க்காட்டுத் தூசி, தஞ்சைப் பாலக்குறிச்சி, இராமநாதபுரத்து வடமலைபுரம், நெல்லைக் கங்கைகொண்டான் முதலான ஊர்களின் கணக்கு 1918-இல் நூலாயிற்று. திராவிடப் பண்பாட்டின் தொன்மை பற்றியும் 1924-இல் தனி நூல் எழுதியவர் இவர்.

பண்ணையிலே படியாளாய்க் கட்டுண்டு கிடந்தவனின் கூலி, பல்கலைக் கழகத்து ஏட்டிலே அச்சேறியது. அந்தக் கணக்கு அத்தோடு நிற்கவில்லை. 1930-களில் பி. ஜே. தாமசும் கே. சி. ராமகிருஷ்ணனும் மீண்டும் அந்த ஊர்களுக்குச் சென்றனர். 1960-களிலும் 1980-களிலும் வேறு ஆய்வாளர்கள் சென்றனர். 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் இருவேல்பட்டுக்குச் சென்று, தொண்ணூறாண்டுக் காலத்தில் படியாள் முறை தேய்ந்து போனதையும், நிலத்தை மட்டுமே நம்பிக் கிடந்தவர் வெளிவேலை தேடி நிமிர்ந்ததையும் எழுதினர். ஒரு பேராசிரியர் கேட்ட நான்கு கேள்வி, ஒரு நூற்றாண்டுக்குச் சாட்சியாகிவிட்டது. இருபது வயது மாணவன் வீட்டுக்குப் போய்க் கேட்டு எழுதியதுதான் அதன் முதல் பக்கம்.

ஆகவே, பெருமையும் குற்ற உணர்வும் கலந்த குரலிலே என்னைக் கேட்ட தோழர்களுக்குச் சொல்கிறேன்: படிக்க வையுங்கள். பொருளியல், நிர்வாகம், கணக்கியல் எதுவானாலும் படிக்க வையுங்கள். வாய்ப்பு வந்தால் ஆக்ஸ்போர்டுக்கும் அனுப்புங்கள். வராவிட்டால் பக்கத்து ஊர் அரசுக் கலைக் கல்லூரி போதும். மான்செஸ்டரில் 2012-இல் மாணவர்களே சங்கம் அமைத்து, 2008-இன் வீழ்ச்சியை விளக்காத பொருளாதாரம் எங்களுக்கு எதற்கு என்று கேட்டார்கள். இலண்டன் யுனிவர்சிட்டி கல்லூரிப் பேராசிரியை வெண்டி கார்லினும் அவர் கூட்டாளிகளும், ஏற்றத்தாழ்வை முதல் அதிகாரத்திலிருந்தே பேசும் ஒரு பாட நூலை எழுதி, கைபேசியிலே எவரும் காசின்றிப் படிக்கும்படி வைத்திருக்கிறார்கள். மதில் முன்போல் உயரமாக இல்லை.

வருகிற கோடை விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊரில் இந்தப் பாடங்களைப் பயிலும் பிள்ளைகளைப் படிப்பகத்துக்கு அழையுங்கள். பங்குச் சந்தையில் பதிந்த ஆலை ஏதேனும் உங்கள் வட்டாரத்தில் இருக்கும். அதன் ஆண்டறிக்கை எவரும் பார்க்கக் கிடைக்கும். அதை எடுத்து வரச் சொல்லுங்கள். கூலிக்குப் போனது எவ்வளவு, பங்குதாரருக்குப் போனது எவ்வளவு, இயக்குநர்களுக்குப் போனது எவ்வளவு என்று கரும்பலகையிலே எழுதச் சொல்லுங்கள். அந்த ஆலையிலே வேலை பார்ப்பவர்களை முன் வரிசையில் உட்கார வையுங்கள். மூன்று ஞாயிறு தொடர்ந்து நடத்திப் பாருங்கள். நாலாவது ஞாயிறு அவர்களே தாளைக் கையில் வாங்கிக் கொள்வார்கள். தேநீர்ச் செலவைப் படிப்பகமே ஏற்கட்டும்.